கொண்டுவந்தவர் யார்?

(மேல்சித்தாமூரில் நடந்த சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் வாசலில் பைக் மேலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர். புத்தகம் என்று ஒன்று உண்டு. விபத்துப் பதிவேடு. அடிபட்டு வருகிறவரைப் பற்றி டூட்டி டாக்டர் தன் கையால் அதில் எழுத வேண்டும். பெயர், வயது, ஊர், அடையாளத்துக்கு இரண்டு மச்சம், எங்கே எப்படி அடிபட்டது, எங்கெங்கே காயம், நினைவு இருக்கிறதா இல்லையா. இத்தனைக்கும் நடுவே சின்னதாக ஒரு இடம் விட்டிருப்பார்கள்: கொண்டுவந்தவர் யார்?

பல வருடம் அந்தப் புத்தகத்தில் எழுதியவன் நான். காயங்களை எழுதுவது பழகிவிடும். அரிவாள் வெட்டோ, பாம்புக்கடியோ, கரும்பு டிராக்டர் கவிழ்ந்ததோ, கை தானாக எழுதும். இந்த இடத்துக்கு வரும்போதுதான் பேனா நிற்கும். தலையை நிமிர்த்திப் பார்த்தால் கொண்டுவந்தவரைக் காணோம்.

ஸ்ட்ரெச்சரில் இறக்கும்வரை இருந்திருப்பார். 'பார்த்து, பார்த்து, கழுத்து' என்று சத்தம் போட்டவரே அவர்தான். வெளியே போய்த் தேடினால் குழாயடியில் சட்டை ரத்தத்தைக் கழுவிக்கொண்டு நிற்பார். "பேரு சொல்லிட்டுப் போப்பா" என்று அட்டெண்டர் கூப்பிட்டால், "ரோட்ல கெடந்தாரு சார், தூக்கியாந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் தாண்டிவிடுவார். ஒரு உயிரைக் கொண்டுவந்து சேர்த்த மனிதர் திருடனைப்போல நழுவிப் போவார். புறக்காவல் நிலையத்து ஏட்டையா நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட வேண்டும் என்கிற அவசரம் அது.

விபத்து என்றாலே பத்திரிகைகளில் ஒரு வரி தவறாமல் வரும்: மனிதநேயம் செத்துவிட்டது. அடிபட்டவன் கிடக்க, சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள் என்று செய்தி போடுவார்கள். படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: நம் ஜனங்களுக்கு இரக்கத்தில் குறைவே இல்லை. பயம்தான் அதிகம். அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணத்தில் பெரும்பகுதியைச் சட்டம் எடுத்துவிட்டது. எடுத்துவிட்ட சேதி செஞ்சிக் கோட்டையைத் தாண்டி நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நிலவரம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். நாளொன்றுக்கு 49 பேர். ஹெல்மெட் போடாததால் இறந்தவர்கள் என்று இந்தக் கணக்கெல்லாம் இருக்கும் ஒன்றிய அரசின் அறிக்கை தனியாக ஒரு கணக்குத் தருகிறது. நாடு முழுவதும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஓட்டுகிறவர் போலீசுக்காகவாவது தலையில் ஒன்றை மாட்டியிருப்பார். பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் குழந்தையோடு உட்கார்ந்து வருகிற நம் பெண்களுக்கு அதுவும் கிடையாது.

இந்தக் கணக்கெல்லாம் டெல்லி விவகாரம் என்று நினைக்காதீர்கள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஓடுகிற சாலையை நினைத்துப் பாருங்கள். வேலூர்ப் பக்கமிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் லாரி வருகிறது, பஸ் வருகிறது, பௌர்ணமி என்றால் கிரிவலக் கார்கள் வருகின்றன. அதே சாலையில் மல்லாட்டை மூட்டையை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு நம் ஆள் எக்செல்லில் வருகிறார். அறுவடை வந்தால் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. நெல்லுக்குக் காவலாக நாமே வைத்த கருங்கல், இருட்டிய பிறகும் சாலையிலேயே இருக்கிறது. வல்லத்திலிருந்து உள்ளே திரும்பி நம் ஊருக்கு வருகிற வழியில் விளக்கு எத்தனை எரிகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒரு வழக்கு. 1980-களின் கடைசி. ஸ்கூட்டரில் போனவர் ஒருவரை வேகமாக வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. ரத்தம் கொட்டக் கிடந்தவரை வழியில் போன ஒருவர் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்கு ஓடினார். அங்கே இருந்த டாக்டர்கள், இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க அனுமதி இல்லை, இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே கொண்டுபோ என்றார்கள். அவர் அங்கேயும் கொண்டுபோனார். போய்ச் சேருவதற்குள் அடிபட்டவர் இறந்துவிட்டார்.

பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்ற மனித உரிமை ஆர்வலர் உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, அடிபட்டு வந்தவனுக்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். போலீஸ், எஃப்.ஐ.ஆர்., பேப்பர் எல்லாம் அதற்குப் பிறகு. உயிர் வாழும் உரிமைக்குக் குறுக்கே எந்த நடைமுறையும் நிற்கக் கூடாது. என்னைப்போல அன்றைக்குச் சர்வீசில் இருந்த டாக்டர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய விடுதலை. 'வைத்தியம் பார்த்தால் நாம் மாட்டிக்கொள்வோமோ' என்று அதுவரை நாங்களும் பயந்துகொண்டுதான் இருந்தோம்.

ஆனால் கவனியுங்கள். அந்தத் தீர்ப்பு அடிபட்டவரைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும்தான் கவலைப்பட்டது. நடுவில் ஒருவர் இருந்தாரே, முன்பின் தெரியாத ஒரு மனிதனைச் சுமந்துகொண்டு ஒரு மருத்துவமனையில் இல்லையென்று துரத்தப்பட்டு இன்னொன்றுக்கு ஓடியவர், அவருக்கு என்ன பாதுகாப்பு? அந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

2007-இல் டெல்லியில் ஒரு பள்ளிக்கூடப் பையன் விபத்தில் சிக்கி ரோட்டோரம் கிடந்தான். யாரும் நிற்கவில்லை. பையன் போய்விட்டான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி என்பவர், ஏன் யாருமே நிற்கவில்லை என்று கேட்கத் தொடங்கி, சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை உண்டாக்கினார். 2013-இல் அவர்கள் எடுத்த ஆய்வில், நூற்றுக்கு 74 பேர் அடிபட்டவருக்கு உதவத் தயங்குவோம் என்றார்கள். தயங்குவதாகச் சொன்னவர்களில் நூற்றுக்கு 88 பேர் சொன்ன காரணம் ஒன்றே: போலீஸ் கேட்கும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அவர்கள் 2012-இலேயே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். 2016 மார்ச் 30-இல், உதவுகிறவரைக் காக்கும் விதிமுறைகளுக்கு நீதிமன்றம் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அடுத்த வருடம் அதற்கான விதிகளும் வந்தன.

இனி வரும் நாலு விஷயத்தை, கொஞ்சம் வறட்சியாக இருந்தாலும், காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு, கூலி எதிர்பாராமல், தானாக முன்வந்து உதவினால், நீங்கள் தூக்கியதில் ஏதாவது ஆகிவிட்டாலும் உங்கள் மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. உங்கள் பெயரையோ முகவரியையோ சொல்லச் சொல்லி போலீசோ வேறு எவருமோ கட்டாயப்படுத்த முடியாது. சொல்ல விரும்பினால் சொல்லலாம். 'யாராவது பணம் கட்டினால்தான் சேர்ப்போம்' என்று கொண்டுபோனவரிடம் மருத்துவமனை கேட்கக் கூடாது, உங்களைப் பிடித்து உட்கார வைக்கவும் கூடாது. நீங்களே சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டால், விசாரணையை உங்கள் வீட்டிலோ கடையிலோ உங்களுக்கு வசதியான நேரத்தில் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். வருகிற அதிகாரி யூனிஃபார்ம் போடாமல் வர வேண்டும். ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும் என்றால் ஏன் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும்.

எத்தனை ஏட்டையாக்களுக்கு இது தெரியும் என்று ஒரு தம்பி அங்கிருந்து கேட்கிறார். நியாயமான கேள்வி. நிறையப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களிடம் 134ஏ என்று நீங்கள் சொன்னால் தெரிந்துகொள்வார்கள்.

'இடிச்சதே நீதான்னு சொல்லிட்டா?' இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். சீனாவில் இந்தப் பயம் ஒரு தேசத்தையே பிடித்தது. 2006-இல் நான்ஜிங் நகரத்தில் பஸ் ஸ்டாப்பில் ஒரு மூதாட்டி விழுந்துவிட்டார். பெங் யூ என்ற இளைஞர் அவரை மருத்துவமனையில் சேர்த்தார். தள்ளிவிட்டதே இவர்தான் என்று மூதாட்டி வழக்குப் போட, நீதிபதி இளைஞர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தில் ஒன்று: நீ இடிக்கவில்லையென்றால் இவ்வளவு அக்கறையாகத் தூக்கிக்கொண்டு போயிருப்பாயா? பல வருடம் கழித்து, அந்த இளைஞர் மோதியதை ஒப்புக்கொண்டார் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. உதவினால் மாட்டிக்கொள்வாய் என்ற பாடம் ஊரெல்லாம் பரவிவிட்டது. 2011-இல் ஃபோஷான் நகரத்தில் வண்டி ஏறிக் கிடந்த ஒரு பெண் குழந்தையைப் பதினெட்டு பேர் கடந்துபோனதைக் கண்காணிப்புக் கேமரா காட்டியபோது உலகமே திடுக்கிட்டது. கடைசியில் குழந்தையைத் தூக்கியவர் குப்பை பொறுக்கும் ஒரு அம்மாள். 2017-இல் சீனாவும் சட்டம் போட்டது: உதவுகிறவர் மேல் பொறுப்பு வராது.

நான் மேல்சித்தாமூரில் நின்று பேசுகிறேன். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கிற ஊர். மல்லிநாதர் கோயில் பாறையில் பார்சுவநாதரையும் பாகுபலியையும் அம்பிகையையும் செதுக்கி ஆயிரம் வருடத்துக்கு மேல் கும்பிடுகிற ஊர். நான் சமணன் அல்ல. ஆனால் இந்த மண்ணில் பிறந்தவன் சமணத்தின் நால்வகைத் தானத்தைக் கேள்விப்படாமல் வளர முடியாது: அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம். பசித்தவனுக்குச் சோறு, பயந்தவனுக்கு அடைக்கலம், நோயாளிக்கு மருந்து, அறியாதவனுக்குக் கல்வி. ரோட்டில் கிடக்கிறவனைத் தூக்குவது ஔடததானம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நான் கேட்பது அபயத்தைப் பற்றி. விபத்து நடந்த இடத்தில் பயந்து நடுங்கிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் அடிபட்டவர். இன்னொருவர் தூக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறவர். இந்த இரண்டாம் ஆளுக்கு 'பயப்படாதே, உனக்கு ஒன்றும் வராது' என்று சொல்ல வேண்டியது யார்? ஸ்டேஷனும் மருத்துவமனையும் சொல்ல வேண்டும். சுற்றி நிற்கிற நாமும் சொல்ல வேண்டும். அந்த அபயம் கிடைக்காததால்தான் இந்த நாட்டில் ஔடதம் நின்றுபோகிறது.

திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியில் ஒரு நாய் வருகிறது. சோற்றைத் தொட்டுவிட்டது என்று அந்தணர்கள் அதை அடித்துக் குற்றுயிராக்கிவிடுகிறார்கள். அந்த வழியில் வந்த சீவகன் நின்றான். ராஜகுமாரன், வேலை இல்லாதவன் இல்லை. நாயைப் பிழைக்க வைக்க அவனால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொன்னான். நாய் செத்து, சுதஞ்சணன் என்ற தேவனாகப் பிறந்து, பிறகு சீவகனுக்கு ஆபத்து வந்தபோது ஓடி வந்தது. கைம்மாறு கதை எனக்கு இப்போது முக்கியமில்லை. பிழைக்காது என்று தெரிந்தும் உட்கார்ந்தான் பாருங்கள், அது. விபத்தில் சிக்கியவர்களில் சிலர் நாம் என்ன செய்தாலும் போய்விடுவார்கள். 'போயிருச்சுப்பா, இனிமே தொட்டா கேசு' என்று விலகி நிற்கிற இடத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் உதவிதான். பின்னால் வந்து அழுகிற அந்த வீட்டுப் பெண்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "கடைசியில யாராச்சும் கூட இருந்தாங்களா?"

செஞ்சிக்குப் பக்கத்தில் சிறுகடம்பூர்த் திருநாதர்குன்றில் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்கிறது. தன் சாவைத் தானே பார்த்துப் பார்த்து நடத்தி முடித்த மனிதர். அவர் நோன்பிருந்த இடத்தைக் கல்லில் குறித்து வைத்த மண் இது. அந்தக் குன்றுக்குக் கீழே ஓடுகிற சாலையில், தண்ணீர் லாரி இடித்து, பெயர் தெரியாமல், அறிவிப்பு வாசகத்தில் 'சுமார் 35 வயது மதிக்கத்தக்க ஆண்' என்று மட்டும் முடிகிற சாவுகளும் நடக்கின்றன.

நம்மிடம் உள்ள வேறொரு வழக்கத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். விபத்து நடந்ததும் நாம் முதலில் தேடுவது யாரை? இடித்தவனை. நாலு பேர் அடிபட்டவனைச் சுற்றி நின்றால், நாற்பது பேர் டிரைவரைச் சுற்றி நிற்பார்கள். தமிழில் மிகப் பழைய சாலை விபத்துக் கதை மனுநீதிச் சோழன் கதைதான். திருவாரூர்த் தெருவில் இளவரசன் தேர்ச்சக்கரத்தில் கன்று அகப்பட்டது. பசு மணியை அடித்தது, அரசன் நீதி வழங்கினான். கதை முழுவதும் தண்டனையைப் பற்றியே போகிறது. அந்தக் கன்றை யார் தூக்கினார்கள் என்று நம் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கன்று அங்கேயே செத்தது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நம் புத்தி போகிற திசையை அந்தக் கதை காட்டிவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவைப் படித்தால் வெட்கமாக இருக்கும். விபத்து நடந்தால் வண்டி ஓட்டியவர்தான் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அது. அடுத்தே ஒரு விலக்கும் தருகிறது: கும்பலின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர. நாம் டிரைவரை அடிப்போம் என்று நாடாளுமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது! நிறுத்தினால் அடி விழும் என்று பயந்து ஓடுகிற டிரைவரோடு, அடிபட்டவரை உடனே ஏற்றிக்கொண்டு போயிருக்கக் கூடிய வண்டியும் ஓடிவிடுகிறது. 2022-இல் இடித்துவிட்டு நிற்காமல் போன விபத்துகளில் மட்டும் 30,486 பேர் செத்தார்கள். ஓடியவர்கள் எல்லோரும் அடிக்குப் பயந்தே ஓடினார்கள் என்று நான் வாதாட மாட்டேன். குடித்தவனும் லைசென்ஸ் இல்லாதவனும் அதில் உண்டு. ஆனால் டிரைவருக்கும் ஒரு அபயம் வேண்டும். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், சாவியை எடுத்து வையுங்கள், கையை மட்டும் ஓங்காதீர்கள்.

சரி, இனி என் தொழிலுக்கு வருகிறேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள். என்ன செய்வது?

இன்னொரு விபத்து நடக்காமல் பார்ப்பதுதான் முதல் வேலை. உங்கள் வண்டியைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள். ஒரு ஆளை டார்ச்சோடு வளைவில் நிறுத்துங்கள். விழுந்த பைக்கின் இன்ஜினைச் சாவியைத் திருப்பி அணையுங்கள். பெட்ரோல் ஒழுகும்போது பக்கத்தில் பீடி வேண்டாம்.

அடுத்து 108. 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது, காசு கிடையாது. போனில் இடத்தைச் சொல்லும்போது ஜாக்கிரதை. வெறும் சித்தாமூர் என்று சொல்லாதீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் சித்தாமூர் ஒன்றியமே ஒன்று இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டம், வல்லம் பக்கத்தில் மேல்சித்தாமூர் என்று சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள கோயில், கிணறு, செங்கல் சூளை எதையாவது அடையாளம் சொல்லுங்கள். எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று கேட்பார்கள். போனை நீங்களாக வைத்துவிடாதீர்கள்.

தண்ணீர் கொடுக்காதீர்கள். சோடாவும் வேண்டாம். தண்ணீரை முகத்தில் அடிப்பதும் வேண்டாம். நம்முடைய அன்பெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீரில்தான் வெளிப்படுகிறது, எனக்குத் தெரியும். நினைவு தப்பியவன் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். நினைவு இருப்பவனுக்கும், ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது. தாகம் என்று கெஞ்சினால் உதட்டை மட்டும் நனையுங்கள்.

ரத்தம் வருகிற இடத்தில் தோள் துண்டை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்திக்கொண்டே இருங்கள். நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்காதீர்கள். துண்டு நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. காப்பித்தூள், மஞ்சள்தூள், மண் எதுவும் காயத்துக்குள் போகக் கூடாது.

இப்போது சொல்வதைத் தம்பிகள் கவனிக்க வேண்டும். அடிபட்டவரை ஒரு பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டு, டிரிபிள்ஸ் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறப்பீர்கள். நல்ல மனசுதான். ஆனால் தலை நிற்காமல் ஆடிக்கொண்டே வரும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஆட்டத்திலேயே தண்டுவடம் நசுங்கிவிடும். நடந்து திரிய வேண்டிய ஒரு பையன் வாழ்நாள் முழுக்கக் கட்டிலில் கிடப்பான். வண்டி வரும்வரை தீயோ வேறு ஆபத்தோ இல்லையென்றால் படுத்த இடத்திலேயே விடுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி, பலகையிலோ கயிற்றுக் கட்டிலிலோ வைத்து, பின்பக்கம் திறந்த வண்டியில் ஏற்றுங்கள். ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். மூச்சு விட முடியாமல் திணறினால் மட்டும் ஒருவர் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம்.

நினைவில்லாமல் கிடக்கிறவர் கொர் கொர் என்று குறட்டை விட்டால் தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைக்கிற சத்தம் அது. கழுத்து திரும்பாமல் உடம்போடு சேர்த்து மொத்தமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் இருக்கும் வாந்தியும் ரத்தமும் வெளியே வரட்டும். இன்னொன்று: சாராய வாடை. வாடை வந்த உடனே ஜனங்களுக்குப் பாதி இரக்கம் போய்விடுகிறது. 'குடிச்சிட்டு வுழுந்துகெடக்கான், தெளிஞ்சா எழுந்து போவான்.' குடித்தவனுக்கும் மண்டைக்குள் ரத்தம் கசியும். உளறுவது, வாந்தியெடுப்பது, எழுப்பினால் எழாதது எல்லாம் போதைக்கும் உண்டு, தலைக்காயத்துக்கும் உண்டு. ஸ்கேன் எடுக்காமல் எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

அடிபட்டவர் பெண்ணாக இருந்தால் ஆண்கள் தொடத் தயங்கி நிற்கிறார்கள். பொல்லாப்பு வருமே என்று. முதலில் ஒரு துண்டையோ சேலையையோ மேலே போர்த்துங்கள். பக்கத்து நிலத்தில் களை எடுக்கிற அம்மாக்களைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தூக்குங்கள்: "அம்மா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்." சுற்றி நிற்பவர் காதிலும் அது விழும்.

செல்போன் அடித்தால் எடுங்கள். 'அப்பா' என்றோ 'வீடு' என்றோ திரையில் வரும். செத்துட்டாரு, பொழைக்க மாட்டாரு என்றெல்லாம் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அடிபட்டிருக்கிறது, இந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், யாராவது வாங்க. அவ்வளவு போதும். போன், பர்ஸ், தாலிச் செயின் எல்லாவற்றையும் நாலு பேர் பார்க்க ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுங்கள்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் 1973-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். பாதிரியார் ஆகப் படிக்கிற 40 மாணவர்களை உரை நிகழ்த்த இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். அவரை அங்கே வைத்ததே ஆய்வாளர்கள்தான். மாணவர்களில் பாதிப் பேர் பேசப்போகிற தலைப்பே பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. கொள்ளையர் அடித்துப் போட்டவனைக் குருமார்கள் கண்டும் காணாமல் போக, அன்னியன் ஒருவன் நின்று காப்பாற்றிய கதை. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்றார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் நின்றார்கள். என்ன தலைப்பில் பேசப் போகிறோம் என்பது ஒன்றும் பெரிதாக மாற்றவில்லை. மேடையில் உபதேசம் செய்கிற என் போன்றவர்களை ரொம்ப நம்பாதீர்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. திண்டிவனம் தாண்டினால் மேல்மருவத்தூர். 2021 டிசம்பர் 18-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கி வைத்தது அங்கேதான். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. தொடங்கும்போது 609 மருத்துவமனைகள், அதில் தனியாரும் உண்டு. வரம்பு ஒரு லட்சமாக இருந்தது, பிறகு இரண்டு லட்சம் ஆயிற்று. காப்பீட்டு அட்டை வேண்டாம், தமிழ்நாட்டுக்காரராகவும் இருக்க வேண்டாம். ஒன்றிய அரசும் 2025 மே மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாளுக்கு, பணமில்லாச் சிகிச்சையை அறிவித்திருக்கிறது. ஆகவே 'யார் செலவு பண்றது' என்று ரோட்டில் நின்று பயப்பட வேண்டாம்.

கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கும் வெகுமதி உண்டு. 2021-இல் 5,000 ரூபாயாகத் தொடங்கியதை ஒன்றிய அரசு 2025-இல் 25,000 ரூபாயாக உயர்த்தியது. படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதை வாங்க வேண்டுமானால் நாம் சொல்லப் பயப்படுகிற அந்தப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் சொல்லாமல் போகிற உரிமையும், சொன்னால் வெகுமதியும் ஒரே மேஜையில் கிடைக்கின்றன. எதை எடுப்பது என்பது உங்கள் விருப்பம். பெயர் சொன்னால் எங்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. ஹெல்மெட் இருந்ததா, எவ்வளவு நேரம் மயக்கம், இடையில் பேசினாரா என்று டாக்டர் கேட்க ஒரு ஆள் கிடைப்பார். அடிபட்டதும் பேசிக்கொண்டிருந்தவர் பிறகு மயங்கினார் என்ற ஒரு தகவல், ஆபரேஷன் தியேட்டருக்கு உடனே அனுப்புவதா என்பதையே முடிவு செய்யும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். உதவுகிறவருக்கு என்னென்ன உரிமை என்று ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, வாசலில் கண்ணில் படுகிற இடத்தில் வட்டார மொழியில் பலகை வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழில். பைக்கில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் இந்த வாரம் செஞ்சிப் பக்கமோ திண்டிவனம் பக்கமோ போகும்போது, நமக்கு அவசரத்துக்கு ஆகக்கூடிய மருத்துவமனைகளின் வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். இல்லாவிட்டால் மாவட்ட ஆட்சியருக்குத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு. எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். அந்தப் பக்கம் முதலில் கை தூக்கிய அம்மா சொல்லுங்கள்.